வெளிநாட்டில் படித்தால் என்ன கிடைக்கும், அதற்கு வீட்டை அடமானம் வைக்கலாமா?

நெல்லிக்குப்பத்தில் இருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் புதுச்சேரியில் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம். எம்.எஸ்சி.யை வெளிநாட்டில்தான் படிப்பேன் என்கிறாள். கன்சல்டன்சிக்காரர் 40 லட்சம் ஆகும், வீட்டுப் பத்திரத்தைக் காட்டினால் லோன் சுலபமாகக் கிடைக்கும் என்கிறார். சொந்தக்காரர்களோ இங்கே இல்லாத படிப்பா என்கிறார்கள். உண்மையில் என்ன நன்மை, அது இவ்வளவு பணத்துக்குத் தகுமா என்பது அவர் கேள்வி.

சார், நான் கடலூர் முதுநகர்க்காரன். வேதியியல் முதுகலையை ஜெர்மனியில் முடித்துவிட்டு இப்போது புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாணவர்களுக்கு விண்ணப்பம் போட உதவுவதும் உண்டு, அதனால் இந்தக் கணக்கை அடிக்கடி போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நன்மை நிறைய இருக்கிறது, சொந்தக்காரர்கள் நினைப்பதைவிட அதிகம். ஆனால் அந்த நன்மையில் முக்கால்வாசியைப் பெரிய கடன் தின்றுவிடும். ஆகையால் அனுப்புங்கள், வீட்டை வைத்து அனுப்பாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் படிப்பு. இங்கே பல கல்லூரிகளில் பிராக்டிகல் எப்படி நடக்கிறது என்று பாப்பாவையே கேட்டுப் பாருங்கள். சால்ட் அனாலிசிஸில் என்ன உப்பு வரப்போகிறது என்று லேப் அண்ணனிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது, சீனியருடைய ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து அப்படியே எழுதுவது, கிடைக்காத ரீடிங்கை 'கிடைத்ததாக' போடுவது, இதெல்லாம் நடக்காத கல்லூரி குறைவு. பிள்ளைகள் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன், சரியான விடை வந்தால்தான் மதிப்பெண் என்று நாம்தான் பழக்கிவைத்திருக்கிறோம். ஜெர்மனியில் முதுகலை வேதியியலில் ஒரு கட்டத்தில் ஏதாவது ஒரு பேராசிரியரின் ஆய்வுக்குழுவில் சில வாரங்கள் போய் உட்கார வேண்டும். அங்கே கையில் கொடுப்பது விடை தெரிந்த கேள்வி கிடையாது. அவர்களே முடிக்காமல் வைத்திருக்கும் ஒரு வேலையின் சின்னத் துண்டு. வேதிவினை ஓடவில்லை என்றால் ஓடவில்லை என்று எழுதி, ஏன் ஓடியிருக்காது என்று நாலு பக்கம் யோசித்து எழுதினால் அதற்கு நல்ல மதிப்பெண் வரும். மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிக்க உதவும் என்.எம்.ஆர். கருவியை இங்கே புத்தகத்தில் படமாகப் பார்த்தவர்கள் அங்கே தான் செய்த சாம்பிளைத் தானே கொண்டுபோய்க் கொடுத்து, வரும் கோடுகளைத் தானே படிக்கிறார்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. தேர்வு முடிவு வந்த பிறகு ஒரு நாள் குறிப்பார்கள், 'ஐன்சிஷ்ட்' என்று பெயர். போனால் திருத்திய உங்கள் விடைத்தாளை மேசையில் வைப்பார்கள். எங்கே மதிப்பெண் குறைந்தது என்று நிதானமாகப் பார்க்கலாம், இந்தப் படி சரிதானே, ஏன் அரை மதிப்பெண் என்று கேட்கலாம். திருத்தியவர் பக்கத்திலேயே நிற்பார், நியாயம் இருந்தால் மாற்றுவார், இல்லை என்றால் ஏன் இல்லை என்று விளக்குவார், யாரும் முகத்தைச் சுளிக்க மாட்டார்கள். ரீவேல்யூஷனுக்குப் பணம் கட்டிவிட்டு 'நோ சேஞ்ச்' என்ற இரண்டு சொல்லுக்காக ஒரு மாதம் காத்துக்கிடந்த நம் பிள்ளைக்கு அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தன் தப்பைத் தானே கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்வதும், பெரியவரிடம் மரியாதை குறையாமல் மறுத்துப் பேசுவதும், இரண்டையும் ஒரே இடத்தில் கற்றுக்கொள்கிறாள்.

சில வேடிக்கைகளும் உண்டு. அங்கே 1.0 தான் உச்ச மதிப்பெண், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். பாப்பா போன் செய்து "அப்பா, 1.3 வாங்கினேன்" என்றால் பதறாதீர்கள், தெருவுக்கே ஸ்வீட் வாங்கிக் கொடுக்க வேண்டிய மதிப்பெண் அது. வகுப்பு 10 மணி என்று போட்டுப் பக்கத்தில் 'சி.டி.' என்று இருந்தால் 10.15க்குத்தான் தொடங்கும். விரிவுரை முடிந்ததும் கை தட்ட மாட்டார்கள், எல்லோரும் மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள், முதல் நாள் எனக்கு ஏதோ தகராறு என்றுதான் தோன்றியது.

கஷ்டமும் அதே அளவுக்கு உண்டு. அங்கே அரியர் என்று வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டே போக முடியாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டாயப் பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பில் இருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள், அதே படிப்பை அந்த நாட்டில் வேறு இடத்தில் தொடர்வதும் சிக்கலாகிவிடும். பாப்பாவுக்கு இங்கே பிசிக்கல் கெமிஸ்ட்ரியில் அஸ்திவாரம் ஆட்டம் கண்டிருந்தால் கிளம்புவதற்கு முன்பே சரிசெய்துகொண்டு போகச் சொல்லுங்கள்.

அடுத்தது வாழ்க்கை. பெண் பிள்ளையைத் தனியாக அனுப்புவது பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் மனதில் இல்லாமல் இருக்காது. அங்கே போய்ச் சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும், புரியாத மொழியில் இருக்கும் வாடகை ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், விடுதியின் பொதுச் சமையலறையில் நாலு நாட்டுப் பிள்ளைகளோடு யார் எப்போது துடைப்பது என்று அட்டவணை போட்டுச் சண்டை பிடிக்க வேண்டும். இதுவரை பஸ் பாஸ் புதுப்பிக்கக்கூட அப்பா கூட வந்த பெண், ஆறு மாதத்தில் இதையெல்லாம் தன்பாட்டுக்குச் செய்வாள். லேபில் இருந்து ராத்திரி பத்து மணிக்கு டிராமில் தனியாக அறைக்குத் திரும்புவது அங்கே பெரிய செய்தி இல்லை. அந்தத் துணிச்சல் ஒருமுறை வந்துவிட்டால் பிறகு எங்கே இருந்தாலும் போகாது, நீங்கள் மாப்பிள்ளை பார்க்கும்போதும் அது கூடவே இருக்கும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், பிறகு பிள்ளை மாறிவிட்டாள் என்று வருத்தப்படக் கூடாது.

தனிமையையும் மறைக்க மாட்டேன். டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். சில்வர் பீச் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்த மூன்று மாதம் பெரிய சோதனை. சிலருக்கு மனசு ரொம்பவே சோர்ந்துவிடும், படிப்பை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று போனில் அழுவார்கள். அப்போது 'அவ்வளவு செலவு செய்து அனுப்பினோமே' என்று ஆரம்பிக்காத பெற்றோர் கிடைத்த பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள்.

நம்மவர்கள் இல்லாத ஊர் என்றும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் ஹம் என்ற ஊரில் ஈழத்தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோயில் 2002இல் குடமுழுக்கு ஆனது, தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலும் இருந்து கூட்டம் வரும். பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் போனால் முருங்கைக்காயில் இருந்து மல்லிகைச் சரம் வரை கிடைக்கும். யாழ்ப்பாணத் தமிழை அங்கேதான் முதன்முதலாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், போரில் வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் சொல்லும் கதைகளையும். இதுவும் படிப்பில் சேர்ந்ததுதான் என்பது என் எண்ணம்.

சரி, பணத்துக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

40 லட்சம் கடன், வட்டி 11 சதவீதம், பத்து வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஓடும் வட்டி இதில் சேரவில்லை, சேர்த்தால் இன்னும் ஏறும். எம்.எஸ்சி. வேதியியல் முடித்து நம் சிப்காட்டிலோ புதுச்சேரி மருந்துக் கம்பெனியிலோ புதிதாகச் சேருகிறவருக்கு முதல் சம்பளம் அதில் பாதி வந்தாலே அதிர்ஷ்டம். அப்படியென்றால் பிள்ளை திரும்பி வரவே முடியாது, அங்கேயே எந்த வேலை கிடைத்தாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். படிக்கும்போதே பயம் வந்துவிடும். என் மாணவன் ஒருவன் வேறொரு நாட்டில் இப்படிப் பெரிய கடனோடு போனான். ராத்திரியில் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டுக் காலையில் வகுப்பில் தூங்கி வழிவான், சம்பளம் இல்லாத ஆய்வுப் பயிற்சி ஒன்று தேடி வந்தபோது கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டான். மேலே நான் சொன்ன லேப், விவாதம், பேராசிரியரோடு பழக்கம் எல்லாமே நேரம் இருப்பவருக்குக் கிடைப்பவை. கடன் முதலில் அந்த நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. பட்டம் என்னவோ வந்துவிடும், எதற்காகப் போனோமோ அது வராது.

அப்புறம் பி.ஆர்., அதாவது அந்த நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை. கன்சல்டன்சியில் முக்கால் பேச்சு அதைப் பற்றித்தான் இருக்கும். தயவுசெய்து அதை நன்மைக் கணக்கில் எழுதாதீர்கள். கனடா 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. அதே மாதத்தில் இருந்து இங்கிலாந்தில் சாதாரண முதுகலை மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்று ஆனது. அங்கே படிப்புக்குப் பிறகு தங்கி வேலை தேடும் இரண்டு வருஷத்தை 2027 ஜனவரியில் இருந்து 18 மாதமாகக் குறைக்கிறார்கள். அமெரிக்கா 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்தது. இதையெல்லாம் அவர்கள் தங்கள் நாட்டுத் தேர்தலைப் பார்த்து மாற்றுகிறார்கள், நெல்லிக்குப்பத்து வீட்டுப் பத்திரத்தைப் பார்த்து இல்லை.

செலவு குறைவான வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமே கிடையாது, ஒவ்வொரு பருவத்துக்கும் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும். விதிவிலக்கு உண்டு: ஸ்டுட்கார்ட், ஹைடல்பெர்க் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது அதைவிட அதிகமாக வாங்குகிறது. விசாவுக்கு முன் ஒரு முடக்கக் கணக்கில் வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும், யூரோ நூறு ரூபாய் கணக்கில் 12 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. இது யாருக்கும் கட்டும் கட்டணம் அல்ல, பாப்பா பெயரிலேயே இருந்து மாதம் 992 யூரோவாக அவளுக்கே சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வரும். வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டு, ஆய்வுக்குழுவிலேயே உதவியாளராகச் சேர்ந்துவிட்டால் வேலையும் படிப்பும் ஒன்றாகிவிடும், இரண்டாம் வருஷச் செலவில் ஒரு பகுதி அதிலேயே ஓடும். முடித்த பிறகு வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். 2022 நவம்பர் முதல் நம் நாட்டு மாணவர்கள், படிப்புச் சான்றுகள் உண்மைதான் என்று காட்டும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்கியாக வேண்டும், அதற்கு 18,000 ரூபாய் கட்டணம். ஆங்கிலத்திலேயே நடக்கும் முதுகலைகள் உண்டு என்றாலும் ஜெர்மன் தெரியாமல் அங்கே வேலை தேடுவது மிகவும் கடினம், இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

ஒன்று கவனித்தீர்களா, உங்கள் கன்சல்டன்சிக்காரர் ஜெர்மனி அரசுப் பல்கலைக்கழகம் பற்றி வாய் திறந்திருக்க மாட்டார், திறந்திருந்தாலும் ஏதாவது தனியார் கல்லூரியைத்தான் காட்டியிருப்பார். மாணவரைச் சேர்த்துவிட்டால் பல வெளிநாட்டுக் கல்லூரிகள் ஏஜென்டுக்குக் கமிஷன் தருகின்றன. கட்டணமே வாங்காத இடத்தில் கமிஷன் எங்கிருந்து வரும்? இலவச ஆலோசனை என்று போர்டு வைத்திருப்பவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் மீதி புரிந்துவிடும்.

பிரான்ஸை நம் பக்கத்துப் பிள்ளைகள் கண்டுகொள்ளாமல் விடுவது எனக்குப் புரிவதே இல்லை. பாப்பா படிக்கும் ஊரிலேயே சுஃப்ரேன் தெருவில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, 1889இல் இருந்து அங்கே பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறார்கள். கடற்கரையோரம் பிரெஞ்சுத் துணைத் தூதரகமே இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா வீட்டுத் தாத்தாக்கள் பிரெஞ்சு பேப்பர் படிப்பதைப் பார்த்துக்கொண்டே கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள், ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக் கோச்சிங்குக்குச் சென்னைக்கு பஸ் ஏறுகிறார்கள். பிரான்ஸில் அரசுப் பல்கலைக்கழக முதுகலைக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து போகிறவர்களுக்கான கட்டணம் வருஷத்துக்கு 4,000 யூரோவைச் சுற்றித்தான். மாணவர் உணவகத்தில் மிகக் குறைந்த விலைக்கு முழுச் சாப்பாடு. இன்னொரு சௌகரியம், ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டு வருஷத்தில் காலாவதி, பிரெஞ்சு மொழித் தேர்வான டெல்ஃப் சான்றிதழுக்கு ஆயுள் முழுக்கச் செல்லுபடி. அங்கே இளங்கலையே மூன்று வருஷம்தான் என்பதால் நம் பி.எஸ்சி. பொருந்திப்போகும். அமெரிக்காவில் இளங்கலை நான்கு வருஷம், நம் மூன்று வருஷ டிகிரியை எல்லா இடத்திலும் அப்படியே ஏற்க மாட்டார்கள்.

உதவித்தொகையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் பெரிய அதிர்ஷ்டம். கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ, குறைந்தது இரண்டு நாட்டில் படிக்கலாம், போட்டி கடுமை. தேர்வு பெறாமல் போனால் குடிமுழுகிவிடாது, விண்ணப்பம் போடவும் பணம் கேட்பதில்லை. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்கு மத்திய சமூக நீதித் துறையின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் வைத்திருக்கிறது. மாநிலத் திட்டம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு. நீங்கள் கடலூர் மாவட்டம் என்பதால் உங்கள் தாலுகா அலுவலகத்தில் வாங்கிய சான்றிதழ்கள்தான் இங்கே பேசும். புதுச்சேரி விடுதி முகவரியை எங்கேயாவது நிரந்தர முகவரி என்று எழுதிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எல்லாம் சேர்த்து, என் மகளாக இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், இந்த வருஷம் முதலில் ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேருவதற்கான ஜாம் நுழைவுத் தேர்வை எழுதச் சொல்வேன், கூடவே பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்துக்காக கியூட் பி.ஜி. தேர்வையும். நல்ல இடத்தில் எம்.எஸ்சி. கிடைத்தால் இங்கேயே குறைந்த செலவில் முடித்துவிட்டு, பிஎச்.டி.க்கு வெளிநாடு போகலாம். வேதியியலுக்கு இது தனியான வசதி. ஜெர்மனியில் பிஎச்.டி. மாணவர்களைப் பெரும்பாலும் ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்துக்கே வைத்துக்கொள்கிறார்கள், அமெரிக்காவிலும் வேதியியல் பிஎச்.டி.க்குப் பொதுவாகக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருகிறார்கள். வெளிநாட்டுப் படிப்பின் நன்மை அத்தனையும் கிடைக்கும், உங்கள் கையில் இருந்து விமான டிக்கெட்டும் குளிர் கோட்டும்தான். ஜாமில் நல்ல இடம் வரவில்லை, முதுகலைக்கே போக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள் என்றால் ஜெர்மனி அல்லது பிரான்ஸ், முதல் வருஷத்துக்கு 12 இல் இருந்து 15 லட்சத்துக்குள். அதில் ஒரு பகுதிக்குக் கல்விக் கடன் வாங்கினால்கூட மோசம் போக மாட்டீர்கள். 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் அரசு வங்கிகளில் கேட்கலாம், கட்டும் வட்டிக்கு எட்டு வருஷம் வரை வருமான வரியில் கழிவும் உண்டு, பழைய வரிமுறையில் இருந்தால். வீட்டுப் பத்திரம் தேவைப்படும் அளவுக்குக் கடன் போகிறது என்றால் தேர்ந்தெடுத்த நாடோ கல்லூரியோ சரியில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை, ஆனால் இதில் மாட்டிக்கொண்டு ஒரு பருவத்தையே இழந்தவர்களை எனக்குத் தெரியும். பாப்பாவின் மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் விரிவாக வரும், அல்லது குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். நமக்கு இது சாதாரணம், வெளிநாட்டுக் கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியவில்லை என்றே அச்சாகி வரும். பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, குடும்பப் பெயர் கட்டத்தில் ஏதாவது ஒன்று இருக்கும்படி இப்போதே திருத்தி வாங்குங்கள். பிறகு ஐ.இ.எல்.டி.எஸ்., ஏ.பி.எஸ்., வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடச் சொல்லுங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது.